அழுத்தினால் என்ன ஆகும்? இணையச் செயலிகளின் பொத்தான்கள் பற்றி

பெங்களூரு ஜாலஹள்ளியில் இருக்கிறது பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம். அங்கே தயாராகும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் வாக்காளர் தொட வேண்டியது ஒரே ஒரு நீலப் பொத்தானை. வேட்பாளரின் பெயர், படம், சின்னம், சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு, அதையொட்டிப் பொத்தான் என்று எல்லாம் ஒரே வரியில் இருக்கும். வாக்குச்சாவடி அலுவலர் தன் மேஜையிலிருந்து அனுமதி கொடுத்ததும் வாக்காளருக்கு முன்னால் பச்சை விளக்கு எரியும். பொத்தானை அழுத்தினால் அந்தச் சின்னத்துக்கு நேரே சிவப்பு விளக்கு எரியும்; பக்கத்துப் பெட்டியில் அச்சான சீட்டு ஏழு நொடி கண்ணாடி வழியே தெரியும்; நீளமாக ஒரு 'பீப்' கேட்கும். அதன் பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

இணையச் செயலிகளைப் பற்றிப் பேச வந்துவிட்டுத் தேர்தல் இயந்திரத்தில் தொடங்கக் காரணம் உண்டு. இது பொத்தான்தானா, இப்போது அழுத்தலாமா, அழுத்தினால் என்ன ஆகும், அழுத்தியது ஆனதா என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்த இயந்திரத்தில் விடை இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விடை இருக்கிறது. பொத்தான்களை ஒட்டிப் பிரெய்லி எண்களும் உண்டு. அலுவலரின் மேஜையில் இருக்கும் கருவியைப் பாருங்கள். ஒவ்வொரு வாக்காளருக்கும் அழுத்த வேண்டிய பொத்தான் வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. வாக்குப்பதிவை முடிப்பதும், முடிவைக் காட்டுவதும், பதிவுகளை அழிப்பதும் மூடிக்குள் இருக்கின்றன. முடிவுப் பகுதிக்கு முத்திரையே வைக்கப்படுகிறது. திரும்பப் பெற முடியாத செயலுக்குப் போகும் வழி கொஞ்சம் சிரமமாக இருக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதித் தேர்தலில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக இந்த இயந்திரம் பயன்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க வந்தது. ஒரு இயந்திரத்தில் 16 பொத்தான்கள். 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் போட்டியிட்டபோது ஐந்து இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். எண்ணிக்கைதான் கூடியது, பொத்தானும் அது நடந்துகொள்ளும் விதமும் மாறவில்லை. (இயந்திரத்தின் நம்பகத்தன்மை பற்றிய விவாதம் வேறு, இங்கே பேச்சு பொத்தானைப் பற்றி மட்டும்.)

அதே பெங்களூரில்தான் இன்று நாடு முழுவதும் தட்டும் திரைகளில் பெரும்பங்கு வரையப்படுகிறது. ஃபிளிப்கார்ட், சுவிகி, போன்பே, ரேஸர்பே, ஜெரோதா எல்லாம் இந்த ஊர்க்காரர்கள். கோரமங்களாவிலும் பெல்லந்தூரிலும் ஒரு டிசைனர் ஒரு பொத்தானை எட்டு பிக்சல் நகர்த்தினால் தென்காசியில் ஒருவருடைய விரல் தடுமாறலாம். ஆகவே, இணையச் செயலியில் பொத்தான் எப்படி இருக்க வேண்டும் என்பதை அலங்காரப் பேச்சாகத் தள்ளிவிட முடியாது.

1990-களின் இணையப் பக்கங்களில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. பொத்தான் என்றால் சாம்பல் நிறத்தில், ஓரம் மேடாக ஒரு பெட்டி. கணினியின் இயங்குதளமே அதை வரைந்து கொடுத்தது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அது பொத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நிறமும் வளைவும் நிழலும் பக்கத்தை உருவாக்குபவர் கைக்கு வந்த பிறகுதான் ஆளுக்கொரு பொத்தான் பிறந்தது. 2013-ல் ஆப்பிள் தன் ஐபோன் மென்பொருளின் ஏழாம் பதிப்பில் பொத்தான்களின் ஓரத்தையே எடுத்துவிட்டு வெறும் எழுத்தாக்கியது. எது தலைப்பு, எது பொத்தான் என்று புரியவில்லை என்று புகார்கள் கிளம்பின. அடுத்த ஆண்டே பொத்தானின் வடிவத்தைத் திரும்பக் காட்டும் வசதியை அமைப்புகளுக்குள் சேர்த்தார்கள். ஆனால் அதற்குள் உலகம் முழுக்கத் தட்டைப் பொத்தான் மோகம் பரவிவிட்டிருந்தது.

ஒரு செயலிக்குள்ளேயே பொத்தான்கள் முரண்படுவது யாரும் திட்டமிட்டுச் செய்வதல்ல. உள்நுழைவு ஒரு அணியின் வேலை, பணம் செலுத்துவது இன்னொரு அணி, ரீஃபண்டு மூன்றாவது அணி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எதையாவது வெளியிட்டாக வேண்டும். முதல் அணி செய்த பொத்தான் இரண்டாம் அணியின் பக்கத்தில் பொருந்தாதபோது அவர்கள் அதை நகலெடுத்துக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறார்கள். மூன்று வருடத்தில் ஒரே நிறுவனத்தின் திரைகளில் ஐந்தாறு நீலங்கள் சேர்ந்துவிடும். 'சேமி' ஒரு பக்கத்தில் வலது ஓரத்திலும் அடுத்த பக்கத்தில் இடது ஓரத்திலும் உட்கார்ந்திருக்கும். அமெரிக்க வடிவமைப்பாளர் பிராட் ஃப்ராஸ்ட் 2013-ல் இதற்கு ஒரு எளிய சோதனை சொன்னார். செயலியில் உள்ள எல்லாப் பொத்தான்களையும் படம்பிடித்து ஒரே பலகையில் ஒட்டிப் பாருங்கள் என்றார். எந்த நிறுவனத்தில் செய்தாலும் கூட்டம் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் போய்விடும்.

இதற்கு வந்த மருந்துதான் டிசைன் சிஸ்டம். பொத்தானை ஒரே இடத்தில் வரைந்து, ஒரே இடத்தில் நிரல் எழுதி, எல்லா அணிகளும் அதையே எடுத்துப் பயன்படுத்துவது. கூகுள் 2014-ல் வெளியிட்ட மெட்டீரியல் டிசைன் இந்தப் பழக்கத்தைப் பரவலாக்கியது. பெங்களூரில் ரேஸர்பே தன்னுடைய 'பிளேடு' அமைப்பை எவரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்த மூலமாகவே வைத்திருக்கிறது. அதில் பொத்தானை முதன்மை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று பிரித்திருக்கிறார்கள். ஒரு திரையில் முதன்மைப் பொத்தான் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட விதி. கேட்க எளிது. ஆனால் கூட்டத்தில் மூன்று புராடக்ட் மேனேஜர்கள் உட்கார்ந்திருந்தால் மூவருக்கும் தங்கள் பொத்தான்தான் முதன்மை. டிசைன் சிஸ்டத்தின் நிஜமான பயன், அந்தச் சண்டையை ஒவ்வொரு திரைக்கும் போடாமல் ஒரே முறையில் முடித்துக்கொள்ள உதவுவது.

அளவு விஷயத்தில் பெரிய தகராறு கிடையாது. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-லேயே சொல்லிவிட்டார்: இலக்கு தூரமாக இருந்தால் கை போய்ச் சேர அதிக நேரம் பிடிக்கும், இலக்கு பெரிதாக இருந்தால் நேரம் குறையும். ஆப்பிள் 44 புள்ளி என்கிறது, கூகுள் 48 என்கிறது. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற உலக அணுகல் தரம் குறைந்தபட்சம் 24 பிக்சல், சிறந்தது 44 என்கிறது. பெங்களூரின் சில்க் போர்டு நெரிசலில் பிஎம்டிசி நகரப் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையின் கட்டைவிரலால் டிக்கெட் எடுப்பவரை மனதில் வைத்தால் 24 போதாது. 44-ஐ அடிப்படையாகக் கொள்வதே நியாயம்.

நிறத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பொத்தானில் உள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வேறுபாடு வேண்டும் என்கிறது அதே தரம். நம் கடைச் செயலிகளுக்குப் பிரியமான ஆரஞ்சுப் பின்னணியில் வெள்ளை எழுத்தைக் கணக்கிட்டால், சுத்த ஆரஞ்சுக்கு அது 2:1 கூட வருவதில்லை. குளிரூட்டிய அறையில் பளபளக்கும் பெரிய திரையில் அது அழகாகத்தான் தெரியும். மே மாத வெயிலில், கீறல் விழுந்த மலிவுவிலை போனில் பொத்தான் வெறும் ஆரஞ்சுக் கட்டையாக இருக்கும். அதே ஆரஞ்சில் கறுப்பு எழுத்தைப் போட்டால் எந்தச் சிக்கலும் இல்லை. 'பிராண்டுக்கு ஒத்துவராது' என்று ஒருவர் சொல்வார். அங்கேதான் பேச்சு நின்றுவிடும்.

நிறத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது விளைவைச் சொல்வது. ஜெரோதாவின் கைட் தளத்தில் பங்கு வாங்கும் பொத்தான் நீலம், விற்கும் பொத்தான் ஆரஞ்சு கலந்த சிவப்பு. பொத்தான் மட்டுமல்ல, ஆர்டர் போடும் சாளரத்தின் தலைப்பும் அதே நிறத்துக்கு மாறுகிறது. பச்சை, சிவப்பு என்று வைத்திருந்தால் அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் குழம்புவார்கள்; நீலமும் ஆரஞ்சும் பெரும்பாலோருக்குத் தனித்தனியாகத் தெரியும். நிறத்தோடு எழுத்தும் இருக்கிறது, விசைப்பலகையில் பி அழுத்தினால் வாங்கலாம், எஸ் அழுத்தினால் விற்கலாம். பணம் போகும் திரையில் ஒரே செய்தியை இரண்டு மூன்று வழிகளில் சொல்வது மிகையல்ல.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். சீர்மை என்றதும் எல்லோரும் தோற்றத்தைத்தான் பேசுகிறார்கள். வளைவு எத்தனை பிக்சல், நிழல் எவ்வளவு, எழுத்துரு எது என்றெல்லாம். அது எளிய பாதி. ஒரே மாதிரி தெரியும் இரண்டு பொத்தான்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும், வேறு விதமாக நடப்பவை வேறு விதமாகத் தெரிய வேண்டும் என்பது கடினமான பாதி. தோற்றத்தில் அப்பழுக்கில்லாத செயலி இந்தப் பாதியில் தோற்கலாம்.

இதன் விலை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள 2020 ஆகஸ்ட் 11-ஐ நினைவுபடுத்திக்கொள்ளலாம். அன்று சிட்டி வங்கி, ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் கடன் கணக்கில் 78 லட்சம் டாலர் வட்டியை மட்டும் கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. போனதோ சுமார் 90 கோடி டாலர். பயன்படுத்திய மென்பொருள் ஃபிளெக்ஸ்கியூப். இந்தியாவில் ஐஃப்ளெக்ஸ் நிறுவனம் உருவாக்கிய அது பின்னர் ஆரக்கிள் வசம் போனது. திரையை இயக்கியவர்கள் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட விப்ரோவின் ஒப்பந்த ஊழியர்கள். இறுதி ஒப்புதல் தந்தவர் அமெரிக்காவில் இருந்த வங்கி அதிகாரி. அசல் தொகை வங்கிக்குள்ளேயே இருக்க வேண்டுமானால் மூன்று கட்டங்களில் குறி போட வேண்டும். அவர்கள் 'அசல்' என்ற பெயருள்ள ஒன்றில் மட்டும் போட்டார்கள். பெயரைப் பார்த்தால் அது போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மூன்று பேர் சரிபார்த்தும் யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் ஒரு எச்சரிக்கை வந்தது. பணம் வங்கிக்கு வெளியே போகும், தொடரலாமா என்று கேட்டது. வட்டி வெளியேதான் போக வேண்டும், அதனால் 'ஆம்' என்று அழுத்தினார்கள். எவ்வளவு போகும் என்று அந்த எச்சரிக்கை சொல்லவில்லை. 2021-ல் வங்கி வழக்கில் தோற்றது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் பிழைத்தது.

அந்த 'ஆம்' பொத்தானில் தொகையை எழுதியிருந்தால் போதும் என்று நான் அடித்துச் சொல்வேன். '90 கோடி டாலர் அனுப்பு' என்று பொத்தானில் இருந்தால் எந்தக் கை அழுத்தியிருக்கும்? நம் ஊர்ப் பணச் செயலிகள் பல இதைச் சரியாகச் செய்கின்றன. பணம் செலுத்தும் பொத்தானுக்குள்ளேயே ரூபாய் தெரிகிறது. 'சரி', 'ஆம்', 'தொடர்க' என்று எல்லா இடத்துக்கும் பொருந்தும் சொற்கள் எந்த இடத்திலும் எதையும் சொல்வதில்லை. 'ஆர்டரை ரத்து செய்யவா?' என்று கேட்டுவிட்டுக் கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு பொத்தான் வைக்கும் திரைகள் இன்னும் இருக்கின்றன. எதை அழுத்தினால் ரத்து ஆகும் என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கிறது. 'ஆர்டரை ரத்து செய்', 'ஆர்டர் இருக்கட்டும்' என்று எழுதினால் கேள்வியைப் படிக்காதவருக்கும் புரியும்.

யுபிஐ வரலாற்றிலும் இதே பாடம் உண்டு. பழைய சோபாவை இணையத்தில் விற்க வருபவரிடம் 'நான் பணம் அனுப்புகிறேன்' என்று ஒருவர் பேசுவார். அனுப்புவதோ பணம் கேட்கும் கோரிக்கை. திரையில் வரும் பொத்தானை அழுத்தி பின் எண்ணைப் போட்டால் பணம் வருவதற்குப் பதில் போய்விடும். பணம் வாங்க பின் எண் தேவையில்லை என்று எத்தனையோ விளம்பரம் செய்தார்கள். ஏமாற்று நின்றபாடில்லை. கடைசியில் தனிநபர்களுக்கிடையிலான கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் எடுத்துவிட்டது. பணம் தருவதற்கும் பெறுவதற்கும் கிட்டத்தட்ட ஒரே தோற்றத்தில் திரை வந்தால் எச்சரிக்கை வாசகத்தால் காப்பாற்ற முடியாது.

இனி, அழுத்திய பிறகான அந்த மூன்று நொடி. பொத்தானை அழுத்துகிறோம், நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது, திரை அசையவில்லை. மறுபடி அழுத்துகிறோம். பணம் இருமுறை போகிறது. இதற்குத் திரையில் ஒரு வேலை, சர்வரில் ஒரு வேலை. அழுத்திய கணமே பொத்தான் மாற வேண்டும், எழுத்து 'செலுத்தப்படுகிறது' என்றாக வேண்டும், அடுத்த அழுத்தல் எடுபடக் கூடாது. இது திரையின் வேலை. ஆனால் அது மட்டும் போதாது. பக்கத்தை மூடித் திறந்தால் பொத்தான் புதிதாகப் பிறந்துவிடும். எனவே ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண்ணில் இரண்டாவது கோரிக்கை வந்தால் முதல் பதிலையே சர்வர் திருப்பித் தர வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரம் இரண்டாவது அழுத்தலைக் கண்டுகொள்ளாதது இதே தத்துவம்தான். 'பேக் பட்டனை அழுத்தாதீர்கள், ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள்' என்று பயனாளரிடம் கெஞ்சும் பக்கங்கள், தாங்கள் செய்ய வேண்டிய வேலையை அவர் தலையில் கட்டுகின்றன.

விண்ணப்பப் படிவங்களில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பும்வரை பொத்தானை மங்கலாக வைக்கும் வழக்கம் பற்றி இரண்டு கட்சி உண்டு. தவறாக அனுப்புவதைத் தடுக்கிறது என்பார்கள் ஒரு சாரார். எது குறைகிறது என்று சொல்லாமல் மங்கிக் கிடக்கும் பொத்தானை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை இ-சேவை மையங்களில் பார்த்தவர் யாரும் அந்தக் கட்சியில் சேர மாட்டார். அழுத்த விடுங்கள், பிறகு எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

தமிழ், கன்னடம் போன்ற மொழிகளில் திரையைத் தரும்போது இன்னொரு இக்கட்டு. ஃபிளிப்கார்ட் 2020 ஜூனில் தமிழ், தெலுங்கு, கன்னடத்தில் வந்தது, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்தில் அடங்கும் கட்டளை தமிழில் நீள்கிறது. அகலத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே பூட்டிவைத்த பொத்தானில் பின்பாதி மூன்று புள்ளியாகிவிடும். மேலே இகரக் கொக்கியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். பொத்தானை ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரையும்போதே நீளமான தமிழ் வாசகத்தைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தால் இது தீரும். பெங்களூரு அலுவலகங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, கேட்பதுதான் இல்லை.

பார்வையற்றோரின் அனுபவம் இன்னும் கடுமை. எச்டிஎம்எல் மொழியில் பொத்தானுக்கென்றே ஒரு உறுப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் விசைப்பலகையில் டேப் போட்டுப் போகலாம், என்டர் தட்டினால் வேலை செய்யும், திரை வாசிப்பான் 'பொத்தான்' என்று அறிவிக்கும். எல்லாம் இலவசம். இருந்தும் அவசரத்தில் நிரலாளர்கள் வெறும் பெட்டியை வரைந்து, மவுஸ் கிளிக்கை மட்டும் அதற்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். கண்ணுக்கு அது பொத்தான்; திரை வாசிப்பானுக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கும் அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு, நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில் பெயரே இல்லாத பொத்தான்களைக் காண்கிறது. பெருக்கல் குறி போட்ட மூடும் பொத்தான், பூதக்கண்ணாடி போட்ட தேடல் பொத்தான் எல்லாம் அந்த வகை. நம் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல், இணையச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அமிலவீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றோரும் தொடுத்த வழக்கு அது; கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையைத் தங்களால் கடக்க முடியவில்லை என்றார்கள். இனி இது நல்லெண்ணத்தைப் பொறுத்த விஷயமல்ல, சட்டம்.

இதுவரை சொன்னவை கவனக்குறைவின் கதைகள். கவனத்தோடு செய்யப்படும் தீங்கும் உண்டு. பயனாளர் பழகிப்போன சீர்மையையே அவருக்கு எதிராகத் திருப்புவது. பெரிய பளிச்சென்ற பொத்தான் என்றால் அடுத்த படி என்று விரல் கற்றுக்கொண்ட பிறகு, அதே இடத்தில் அதே நிறத்தில் 'காப்பீடும் சேர்' என்று வைப்பார்கள். 'வேண்டாம்' என்பது சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக ஓரமாகக் கிடக்கும். ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் 2010-ல் இதற்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் இதற்கெனத் தனி வழிகாட்டு நெறிமுறைகளை அறிவித்து, 13 வகைகளைப் பட்டியலிட்டது. கேட்காமல் கூடையில் பொருள் சேர்ப்பது, எளிதாகச் சேரவும் சிரமப்பட்டு மட்டும் விலகவும் விடும் சந்தா, பொத்தானைக் குறுக்கி மறைப்பது எல்லாம் அதில் வருகின்றன. விமானப் பயணத்துக்குக் காப்பீடு வேண்டாம் என்பவரை 'நான் பாதுகாப்பில்லாமல் இருந்துகொள்கிறேன்' என்ற பொருளில் ஒரு பொத்தானை அழுத்த வைப்பதை நெறிமுறையே உதாரணமாகக் காட்டுகிறது. 2025 ஜூனில் எல்லா இணைய வணிகத் தளங்களும் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். சுயதணிக்கையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அந்தப் பொத்தானை வைத்ததால் விற்பனை ஏறியதற்குப் பாராட்டு வாங்கியவரிடமே அது தவறா என்று கேட்பதுபோல் ஆகிவிடும்.

டிசைன் சிஸ்டம் இதைத் தடுக்காது. நியாயமான பொத்தானையும் ஏமாற்றுப் பொத்தானையும் அது ஒரே தரத்தில் அச்சிட்டுக் கொடுக்கும். ஆகவே பெங்களூரு நிறுவனங்கள் தங்கள் பொத்தான் விதிகளில் வளைவையும் நிறத்தையும் எழுதும் இடத்திலேயே இன்னும் இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. 'வேண்டாம்' பொத்தான் 'வேண்டும்' பொத்தானின் அளவிலேயே இருக்கும் என்பது ஒன்று. பணம் நகரும் பொத்தானில் தொகை இருக்கும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் செலவு கிடையாது.

வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. கேட்காத பொருள் கூடையில் ஏறினாலோ, 'வேண்டாம்' பொத்தானைத் தேடவேண்டி வந்தாலோ, அந்தத் திரையை அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் புகார் சொல்லலாம்.